பாஸ்டலைப் ‘பயிற்சி ஓவியம்’ ஆக்கிய கண்காட்சிக் குழுவினருக்கு

கண்காட்சிக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நம் ஓவியர் சங்கத்தின் இந்த ஆண்டுத் திறந்த கண்காட்சிக்கான விதிமுறை போன வியாழக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. மொத்தம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், தேதி, கட்டணமெல்லாம் முடிந்து, யாரும் படிக்காமல் விரலால் தள்ளிவிட்டுப் போகிற இடத்தில், பாஸ்டல் என்னும் வண்ணக் குச்சியால் வரையும் படங்களுக்கென்று தனியாக ஐந்து வரி போட்டிருக்கிறீர்கள். சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஐந்து வரியின் சாரம் இது. பாஸ்டல் படங்கள் இனி ‘ஓவியம்’ பிரிவில் வராது, ‘கோட்டோவியமும் பயிற்சி ஓவியமும்’ என்ற புதிய பிரிவில் வரும். அந்தப் பிரிவுக்குப் பரிசு கிடையாது. விலை 8,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கண்ணாடி போடக் கூடாது, கண்ணாடி போல இருக்கும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக் ஷீட்தான் போட வேண்டும். படத்தின் மேல் ஃபிக்ஸேட்டிவ், அதாவது பொடியைக் காகிதத்தில் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே, கட்டாயம் அடித்திருக்க வேண்டும். இவ்வளவையும் செய்த பிறகும், பொடி உதிர்ந்தால் சங்கம் பொறுப்பில்லை. நுழைவுக் கட்டணம் 750 ரூபாயும் கமிஷன் 30 சதவீதமும் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த ஒரு விஷயத்தில் எங்களைச் சமமாக வைத்திருக்கிறீர்கள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “குழு எடுத்த முடிவும்மா, ஏதாவது சொல்லணும்னா எழுதிக் கொடுங்க” என்றார்கள். சரி, எழுதுகிறேன். மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் புது வண்ணாரப்பேட்டைக்காரி. ஏழு ஆண்டாகச் சங்க உறுப்பினர். ஓவியக் கல்லூரியில் படித்தவள் இல்லை. அப்பா லாரிகளுக்கும் கடைகளுக்கும் போர்டு எழுதியவர். எனாமல் டப்பாவின் வாசனையில் வளர்ந்தேன். ஃப்ளெக்ஸ் வந்தது, அப்பாவின் பிரஷ்கள் பரணுக்குப் போயின. எனக்கும் ஆயில் பெயின்ட் மேல்தான் ஆசை இருந்தது. ஆனால் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில், வீசிங் இருக்கிற மகனை வைத்துக்கொண்டு பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் பாட்டிலைத் திறக்க முடியாது. ஆயில் காய்வதற்கு நாள் கணக்காகும், அதுவரை படத்தை எங்கே சாய்த்து வைப்பது? பாஸ்டல் என்றால் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து வரையலாம். கீழே குக்கர் விசில் அடித்தால் எழுந்து போகலாம். பொடியை வாயால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும், மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு இருந்தால் போதும்.

வேறு வழியில்லாமல் எடுத்த பாஸ்டல் அப்புறம் அதுவாகவே கைக்குப் பிடித்துப்போனது. காசிமேட்டில் விடிவதற்கு முன் மீன் ஏலம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். ஈரத் தரையில் வரிசையாகக் கிடக்கும் வஞ்சிரத்தின் முதுகில் விளக்கு வெளிச்சம் விழுந்து வழுக்கிக்கொண்டு போகும். கறுப்புக் காகிதத்தில், நீலம் கலந்த சாம்பல் குச்சியைப் படுக்கைவாட்டில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் அந்த வழுக்கல் வரும். இரண்டாம் முறை இழுத்தால் மீன் செத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடை இருக்கும் 61 நாளும், விசைப்படகுகள் கரையோரம் நிற்கும். படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்களையும் வலை பின்னுபவர்களையும் அப்போதுதான் நின்று நிதானமாக வரைய முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது தண்ணீரில் இறங்கி எண்ணெயை வழித்தெடுத்த மீனவர்களை வரைந்தேன். அதற்கு மட்டும் மூன்று வகைக் கறுப்பு தேவைப்பட்டது. அந்தப் படத்தை உங்கள் நடுவர் குழுதான் தேர்ந்தெடுத்தது. ‘ஓவியம்’ பிரிவில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் நீங்கள்தான் மாட்டினீர்கள். அது இப்போது பயிற்சி ஓவியம் ஆகிவிட்டதா?

இனி போன ஆண்டு நடந்ததற்கு வருகிறேன். ஏனென்றால் இந்த ஐந்து வரிக்கும் அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது முழுதாகத் தெரியாது என்றும் நினைக்கிறேன்.

‘ஏலம்’ என்ற என் படம், 22க்கு 30 அங்குலம், விலை 18,000 ரூபாய். இரண்டாம் நாளே அடையாறிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குப் பிடித்துப்போய், பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். விற்றதற்கு அடையாளமாகப் படத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டினீர்கள். ஏழு ஆண்டு ஆனாலும் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் குறையவில்லை. ஓவியம் விற்பவர்களுக்குத் தெரியும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டிய அவசரம். தன்னார்வலர்கள் படங்களைக் கழற்றித் தரையில் அடுக்கினார்கள். என் படத்தைக் குப்புறப் போட்டு, அதன் மேல் நான்கு பெரிய கேன்வாஸ். பிறகு டெம்போ. திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தபோது பின்பலகை உள்வாங்கியிருந்தது. பாரத்தில் காகிதம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. கூவிக்கொண்டிருக்கும் ஏலக்காரரின் உயர்த்திய வலது கை, மணிக்கட்டுக்கு மேல் மங்கிப்போய், கண்ணாடியின் உட்புறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. கீழே, படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையான மவுண்ட் போர்டின் வெள்ளை விளிம்பில் கோலப்பொடி சிந்தினாற்போல் நீலப்பொடி.

வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது குழுவிலிருந்து ஒருவர் என்னிடம் சொன்னது: “பாஸ்டல்னா அப்படித்தாம்மா, உதிரத்தான் செய்யும்.”

உதிரத்தான் செய்யும் என்றால், அதே படம் புது வண்ணாரப்பேட்டையிலிருந்து உங்கள் ஹால் வரை ஆட்டோவில் வந்ததே, மூலகொத்தளம், பேசின் பிரிட்ஜ் பள்ளம் மேடு அத்தனையும் ஏறி இறங்கி வந்ததே, அப்போது ஏன் ஒரு பொட்டுப் பொடி உதிரவில்லை? மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன், அதனால். ஒப்படைக்கும்போது உங்கள் ஆள்தான் படத்தைச் சரிபார்த்து, ‘நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டு என்னிடம் இருக்கிறது.

படத்தைக் கையாண்டதில் நேர்ந்த தவற்றைப் பாஸ்டலின் குணம் என்று எழுதிக்கொண்டீர்கள். அங்கிருந்துதான் எல்லாம் கோணலாகப் போயிருக்கிறது. சாக்பீஸ் படம் என்று நினைத்தால் சாக்பீஸ் படத்தைப் போலத்தான் அடுக்கத் தோன்றும். சாக்பீஸ் விலைதான் வைக்கத் தோன்றும்.

பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஜிப்சம் மாவு. சாஃப்ட் பாஸ்டல் என்பது நிறமியும், அதோடு கொஞ்சம் வெள்ளை மாவும், குச்சியாகப் பிடித்துவைக்கத் துளிப் பிசினும். ஆயில் பெயின்டில் போடும் அதே நிறமிகள்தான் இதிலும். அங்கே எண்ணெயில் குழைக்கிறார்கள், இங்கே எண்ணெய் கிடையாது. அதனால் ஆயில் படம் போல நாளாக ஆக மஞ்சளிப்பதும் இல்லை, வெடிப்பு விடுவதும் இல்லை. பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வரும் பெட்டியில் இருப்பது ஆயில் பாஸ்டல், எண்ணெயும் மெழுகும் கலந்தது, அது வேறு ஜாதி. உங்கள் விதிமுறையில் இரண்டும் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆயில் பாஸ்டலில் பொடி உதிர்வதற்கு வழியே இல்லை என்றாலும் அதற்கும் ‘பொடி உதிர்ந்தால் பொறுப்பில்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் இரண்டையும் கையில் பிடித்துப் பார்க்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். மலிவான பெட்டிகளில் சில ரோஸும் ஊதாவும் வெயில் பட்டால் வெளுக்கும். அது எல்லா வண்ணத்திலும் உள்ள கதை. விற்பனைக்கு வைக்கிற படத்துக்கு வெளுக்காத குச்சிகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கத்தான் எங்கள் பணம் போகிறது.

ரோசல்பா கரியேரா என்ற வெனிஸ் நகரப் பெண்மணியைப் பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் 1720-இல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவர் கையில் இருந்தது பாஸ்டல்தான். பிரெஞ்சு ஓவியர் லா தூர் 1755-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த, மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மேடம் பொம்பதூர் உருவப்படம், காகிதங்களை ஒட்டிச் சேர்த்து ஏறக்குறைய ஆள் உயரத்துக்குச் செய்த பாஸ்டல். இன்றும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் தெகாவின் நாட்டியப் பெண்களில் எத்தனை பாஸ்டல் என்று உங்களுக்கே தெரியும், அவருடைய அச்சுப்படம் ஒன்று உங்கள் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்கின் ‘அலறல்’ படத்துக்குச் சில வடிவங்கள் உண்டு. 1895-இல் பாஸ்டலில் செய்தது 2012 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்குப் போனது. உங்கள் விதிப்படி அதை 8,000 ரூபாய்க்கு மேல் விற்க முடியாது, பரிசுக்கும் தகுதி கிடையாது. லண்டனில் பாஸ்டலுக்கென்றே 1898-இல் சங்கம் தொடங்கி இன்றும் ஆண்டுக் கண்காட்சி வைக்கிறார்கள், உறுப்பினர் அல்லாதவர்களும் அதற்குப் படம் அனுப்பலாம். அமெரிக்காவில் 1972-இல் ஒன்று தொடங்கியது. அவர்களுக்கு ஆகிறது. நமக்கு ஏன் ஆகாது?

அடுத்து அக்ரிலிக் ஷீட். சின்ன வயதில் தலைவாரிய சீப்பைக் கிழித்த காகிதத் துண்டுகளுக்கு மேலே பிடித்து விளையாடியிருப்போம், காகிதம் துள்ளி வந்து ஒட்டும். சாதாரண அக்ரிலிக் ஷீட்டைத் துணியால் துடைத்தால் அதுவும் அந்தச் சீப்பைப் போல ஆகிவிடும். உள்ளே இருக்கும் பொடியை அது இழுக்கும். பாஸ்டலுக்குக் கண்ணாடி போடச் சொல்வதே இதனால்தான். நிலைமின் ஏறாத அக்ரிலிக்கும் உண்டு, அதன் விலைக்கு நான் இரண்டு பிரேம் போட்டுவிடுவேன். ஆக, பொடி உதிரக் கூடாது என்று விதி போட்டவர்களே, பொடியை உருவி எடுக்கும் பொருளைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள்.

ஃபிக்ஸேட்டிவ் அடித்தும் பார்த்திருக்கிறேன். வெளிர் நிறங்கள் இருளும், பளிச்சென்று மேலே நிற்கும் பொடி அமுங்கிவிடும். ஒரு படத்தில் கடைசியாக அடித்தேன், காலை மீன் சாயங்கால மீன் ஆகிவிட்டது. நடுவில் ஒரு அடுக்குக்கு லேசாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அது வரைபவர் முடிவு. ஆயில் படக்காரரிடம் எந்த வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று நீங்கள் விதி போட்டதில்லையே.

பாஸ்டலைக் காப்பாற்றுவது பிரேம்தான். மண்ணடியில் எனக்கு பிரேம் போட்டுத் தரும் பாய் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே தடித்த மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடுவார். வெளியே தெரியும் மவுண்டுக்குப் பின்னால், கொஞ்சம் உள்ளே தள்ளி, இன்னொரு பட்டை கொடுப்பார். எப்போதாவது ஒரு பொடி விழுந்தாலும் அந்த இடுக்குக்குள் போய்விடும், வெள்ளை விளிம்பில் உட்காராது. “உள்ள ஒரு வாய்க்கால் வெட்டி வச்சிருக்கேன்மா” என்பார். பின்னால் சுற்றிலும் டேப் ஒட்டி மூடித்தருவார். நம் ஊர்க் கடல்காற்றில், அதுவும் கார்த்திகை மார்கழி ஈரத்தில், காகிதம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பூஞ்சை பிடிக்கும். கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளியாக வரும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என் வீட்டில் ஐந்து ஆண்டாகத் தொங்கும் படத்தில் அப்படி ஒரு புள்ளிகூட வரவில்லை. வந்து பார்க்கலாம். போன ஆண்டு ‘ஏலம்’ படத்தில் இந்த வாய்க்காலும் இருந்தது. நான்கு கேன்வாஸின் பாரத்தைத் தாங்க மட்டும் அதைக் கட்டவில்லை.

கண்ணாடி உடைந்தால் ஆபத்து என்ற உங்கள் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு தன்னார்வலத் தம்பிக்குக் கை கிழிந்து மூன்று தையல் போட்டார்கள். நானும் அங்கே இருந்தேன், என் துப்பட்டாவில்தான் கட்டினோம். ஆனால் அன்று உடைந்தது ஒரு வாட்டர்கலர் படத்தின் கண்ணாடி. புதிய விதியில் வாட்டர்கலருக்குக் கண்ணாடி போடத் தடை இல்லை, பாஸ்டலுக்கு மட்டும் தடை. இது எந்தக் கணக்கு? கண்ணாடி போட்ட படத்தை எடுத்துச் செல்லும்போது கண்ணாடியின் மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டால் போதும், உடைந்தாலும் சில்லு சிதறாது, படத்தையும் கிழிக்காது. ஒரு ரோல் டேப் 50 ரூபாய். மெல்லிய பிரேமில் பெரிய கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தால், யார் படமாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

விலை உச்சவரம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 18,000 ரூபாய்க்கு ஒரு படம் விற்றால் எனக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கமிஷன் 5,400. பிரேம், மவுண்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து 3,200. மெட்ரோ எங்கள் பக்கம் வந்துவிட்டதுதான், ஆனால் கூட்டத்தில் கண்ணாடி போட்ட படத்தோடு ஏற எனக்குத் தைரியம் இல்லை, அதனால் ஆட்டோ, போக வர 1,400. நுழைவுக் கட்டணம் 750. காகிதமும் குச்சியும் 1,100. மிச்சம் 6,150 ரூபாய். பன்னிரண்டு காலை உழைப்புக்கு அது. சரி, அதை நான் ஏற்றுக்கொண்டுதான் ஏழு ஆண்டாக வருகிறேன். இப்போது அதே படத்தை உங்கள் 8,000-க்கு விற்கிறேன் என்று வையுங்கள். கமிஷன் 2,400 போனால் 5,600. பிரேம் போனால் 2,400. ஆட்டோ போனால் ஆயிரம். கட்டணம் போனால் 250. காகிதமும் குச்சியும் கழித்தால் என் கையிலிருந்து 850 ரூபாய் போட வேண்டும். படம் விற்றுவிட்டது என்று வீட்டில் சொன்னால், எவ்வளவு நஷ்டம் என்றுதான் கேட்பார்கள்.

“பேப்பர் வேலைக்கு அதுக்கு மேல யாரும்மா கொடுப்பா” என்று போனில் சொன்னார்கள். கொடுத்திருக்கிறார்கள். ஏழு ஆண்டில் உங்கள் கண்காட்சியில் 17 பாஸ்டல் வைத்தேன், 9 விற்றது. குறைந்த விலை 6,500, அதிக விலை 22,000. ஒன்பதில் ஐந்து 8,000-க்கு மேல். ஐந்துக்கும் சங்கம் 30 சதவீதம் எடுத்துக்கொண்டதற்கு ரசீது இருக்கிறது. பணம் என் கைக்கு வர மூன்று மாதம், நான்கு மாதம் ஆனது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

விற்காமல் போன எட்டில் ஒன்று எப்படிப் போனது என்பதை நானே நின்று கேட்டேன். கல்மண்டபத்துக் காய்கறிக் கடை படம். ஒரு பெரியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விற்பனை மேஜையில் போய், “இது எத்தனை வருஷம் இருக்கும்?” என்று கேட்டார். மேஜையில் இருந்த பிள்ளை, “சாக் தானே சார், பார்த்து வச்சுக்கணும்” என்றது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை, அதற்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நேர் வெயில் படாத சுவர், ஈரச் சுவர் வேண்டாம், கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், பிரேமைக் கழற்றாதீர்கள். இந்த நான்கைச் சொல்லியிருந்தால் போதும். என்னிடம் வீட்டுக்கு வந்து வாங்குபவர்களுக்கு இதையே ஒரு சின்னச் சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டிக் கொடுக்கிறேன். இதுவரை ஒருவரும் பொடி உதிர்ந்தது என்று திரும்பி வரவில்லை.

என்னிடம் படம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் வியாசர்பாடியிலிருந்து வருகிறான். பகலில் கூரியர் வேலை, ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி. பந்து விளையாடும் பிள்ளைகளின் கால்களை மட்டும் வரைந்து வைத்திருக்கிறான், முகமே இல்லை, புழுதிதான் முக்கால் படம். புழுதியைப் பாஸ்டலில் வரைவது போல வேறெதிலும் வரைய முடியாது. முதல் தடவையாக இந்த ஆண்டு உங்கள் கண்காட்சிக்குக் கொடுப்பதாக இருந்தான். கட்டணத்துக்கு எடுத்துவைத்திருந்தான். விதிமுறையைப் படித்துவிட்டு, “அக்கா, அப்போ நான் அக்ரிலிக் பெயின்டுக்கு மாறிடட்டுமா?” என்று கேட்டான். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்குப் பிறகுதான்.

நான் கேட்பது இவைதான். பாஸ்டல் படங்களை முன்பு இருந்தபடி ‘ஓவியம்’ பிரிவுக்கே திருப்புங்கள், பரிசுக்கும் மற்றவர்களோடு சேர்த்துப் பாருங்கள். நடுவர்களுக்குப் பிடிக்காவிட்டால் நிராகரிக்கட்டும், அது அவர்கள் உரிமை. 8,000 ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிடுங்கள். எந்தப் பிரிவுக்கும் இல்லாத வரம்பு எங்களுக்கு மட்டும் வேண்டாம். அக்ரிலிக் ஷீட், ஃபிக்ஸேட்டிவ் இரண்டு கட்டாயங்களையும் நீக்கிவிட்டு, கண்ணாடி, இடைவெளி விட்ட மவுண்ட், பின்னால் டேப் என்று பிரேமுக்கு விதி போடுங்கள். எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் போடுங்கள். ஆயில் பாஸ்டலுக்கும் சாஃப்ட் பாஸ்டலுக்கும் தனித்தனி வரி எழுதுங்கள்.

‘பொறுப்பில்லை’ என்ற வரிக்குப் பதிலாக, ஒப்படைக்கும்போது ‘நல்ல நிலை’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய படம் சங்கத்தின் கையில் கெட்டுப்போனால், கமிஷன் போக ஓவியருக்கு வர வேண்டிய தொகையைச் சங்கம் தரும் என்று எழுதுங்கள். இது பாஸ்டலுக்கு மட்டும் வேண்டாம், எல்லாப் படத்துக்கும் இருக்கட்டும். பாஸ்டலைக் குப்புறப் போடாமல், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், நிமிர்த்தி வைக்கும்படி தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மணி நேர வேலை, நானே வந்து சொல்லித்தருகிறேன், டேப்பும் நானே கொண்டுவருகிறேன். விற்பனை மேஜையில் வைக்க அரைப்பக்கக் குறிப்பும் எழுதித் தருகிறேன்.

போன ஆண்டு ‘ஏலம்’ படத்துக்கு நஷ்டஈடு கேட்டு நான் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு வர வேண்டியிருந்தது 12,600 ரூபாய். முழுதும் தர முடியாவிட்டால், புதிதாகப் போட்ட பிரேமுக்கான 3,200-ஐயாவது தாருங்கள்.

படங்கள் ஒப்படைக்கும் நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும், அப்போதுதான் அந்தப் பையனும் நானும் பிரேமுக்குச் சொல்ல முடியும். அடுத்த குழுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் நேரில் வருகிறேன். ஏலக்காரரின் கையைத் திரும்ப வரைந்து, புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன். பழைய கண்ணாடியை, உட்புறம் அந்தக் கை அச்சு அப்படியே இருக்க, பழைய புடவையில் சுற்றி வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு வரும்போது எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
பாஸ்டல் ஓவியர், சங்க உறுப்பினர்
புது வண்ணாரப்பேட்டை, சென்னை